பரவாயில்லீங்க

கோயம்புத்தூரில் 'ங்க' போடாமல் நோயாளியிடம் பேசிப் பிழைத்துக்கொண்ட ஒரே மனிதர் வால்வு. தொண்ணூறுகளில், பீளமேட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் அறையை இயக்கியவர். முன்பு பஞ்சாலையில் கம்ப்ரஸர் பார்த்ததால் அந்தப் பெயர். இது தெரியாத அம்மா, "வால்வு இன்னும் வரலீங்க" என்று நர்ஸ் சொன்னதும், அப்பாவின் இதயத்துக்குத்தான் ஏதோ வாங்கப் போயிருக்கிறார்கள் என்று அழுதேவிட்டாள்.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. "மாத்திரைதானுங்க வைத்தியம், இது கூடமாட ஒத்தாசைக்குங்க" என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். படுக்கவைத்த பாய்லர் மாதிரி ஓர் இரும்பு அறை, பக்கவாட்டில் வட்டக் கண்ணாடி ஜன்னல். உள்ளே அழுத்தம் ஏற்றி ஆக்ஸிஜன் கொடுப்பார்கள். ஏறும்போது காது அடைத்தால் உடனே சொல்ல வேண்டும். மறைத்தால் செவிப்பறை போய்விடும்.

எங்கள் அப்பா சொல்கிற ஆளா? பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடமே "உங்களுக்கு வலிக்கலீங்களே?" என்று விசாரிக்கும் அவிநாசிக்காரர்.

வால்வு முதலில் அப்பாவின் தலையை மோந்து பார்த்தார்.

"எண்ணெய்! ஆக்ஸிஜன்ல பத்திக்கும்யா. போய் சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு வா!"

குளித்து வந்தவரை உள்ளே படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார். அழுத்தம் ஏறியது. மைக்கில் கேட்டார்: "காது வலிக்குதா?"

"பரவாயில்லீங்க."

கண்ணாடி வழியே பார்த்தால் அப்பாவின் கண்ணில் தண்ணீர். வால்வு அழுத்தத்தை அப்படியே நிறுத்தினார்.

"யோவ், நெசத்தச் சொல்லு!"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்..."

வால்வு ஒரு கணம் யோசித்தார். "ஆமா, உங்க ஊருத் தேரு ரொம்பச் சின்னதாமே?"

"எவன்யா சொன்னது?" என்று உள்ளிருந்து ஒரு கர்ஜனை. "எங்க தேரையா? கொங்கு நாட்டுலயே பெரிசுய்யா அது! காது பிச்சுக்கிட்டுப் போகுதுய்யா, கொறை!"

கத்தியதில் வாய் திறந்தது, காதும் திறந்துகொண்டது. வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மரியாதையாக் கேட்டா நம்ம சனம் 'பரவாயில்லீங்க'ம்பாங்க, தம்பி. திட்டுனாத்தானுங்க நெசம் வரும்."

அவர் வாயில் 'ங்க'! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதைக் காப்பாற்ற மனுஷன் கெட்ட பேர் வாங்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப்பின் தினமும் உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் 'யோவ்' மழைதான். சிகிச்சை முடிந்த அன்று வால்வு வாசல்வரை வந்தார்.

"போயிட்டு வாங்க. மாத்திரைய உட்டுப்போடாதீங்க."

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "என்னய்யா, வேத்தாளுகிட்டப் பேசற மாதிரி பேசற? சித்திரையில தேர் பாக்க வா!"

வந்தார். கூட்டத்தில் அப்பாவின் பக்கத்தில் நின்று, தோள் துண்டு நழுவுகிற அளவுக்கு அண்ணாந்து பார்த்தார். பிறகு அப்பாவின் காதருகே குனிந்தார்.

"சின்னதுதான்யா."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வால்வின் கையைப் பிடித்தவர், தேர் நிலைக்கு வந்து சேரும்வரை விடவே இல்லை.