ஒருவழி லைன்

"ஹலோ! கேக்குதாடா?"

லைன்மேன் போட்ட கத்தலில் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கணினித் திரையில் எழுத்தாக வந்தது பதில்: 'நல்லா கேக்குது. என் குரல்?'

"ஒரு மண்ணும் வரலை!"

அந்தப் பக்கம் இருந்தவர், கடல் தாண்டி மகன் வீட்டில் குடியேறிவிட்ட பழைய கூட்டாளி. தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி. வாய் ஓயாததால் அவருக்கு 'எங்கேஜ்டு' என்று பெயர். ஓய்வு பெற்றபின் வருஷத்துக்கு ஒரு வாழ்த்தோடு சரி. இணையத்தில் பேசலாம் என்று இப்போது ஆரம்பித்தால், பாழாய்ப்போன குரல் ஒரு பக்கம்தான் போகிறது! அந்த வாயைக் கேட்டே ஆக வேண்டும் என்று லைன்மேன் தவியாய்த் தவித்தார்.

"எல்லாம் இந்த ரவுட்டர் பண்ற வேலை. வீட்டுக்குள்ள நமக்கு ஒரு முகவரி, வெளியில வேற முகவரி. உள்ளேருந்து போறதை விட்டுடுது. வர்றவனை மட்டும் யாரு எவருன்னு வாசல்லயே நிறுத்திடுது."

"கம்பெனி ஆளைக் கூப்பிடுங்களேன்."

"நானா? லைன்ல பழுதுன்னா சரிபண்ணாம வீட்டுக்கே வராதவன் நான்!"

ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்தார். மனைவியின் சீரியல் நின்றது. இன்னொன்றை மூடினார். அதே இணைப்பில் இருந்த மாடி வீட்டு டீச்சரம்மாவின் வகுப்பு பாதியில் அறுந்தது.

தினமும் மூன்று மணிக்குச் சோதனை. வெறும் 'ஹலோ' போதாது, பேசிப் பார்த்தால்தான் லைன் என்பது அவர்கள் காலத்து வழக்கம். அதனால் பழைய கதைகளை அவிழ்த்துவிட்டார். கொட்டுகிற மழையில் கம்பம் ஏறியது, தூங்கிய மேலதிகாரியின் ஃபோனை அவர் மனைவிக்கே இணைத்துவிட்டது... சொல்லச் சொல்ல அவருக்கே கண் கலங்கியது. என்ன நாள்கள் அவை!

'நான் பேசறது இன்னும் கேக்கலையா? சரி, அந்த மேலதிகாரி கதையை இன்னொரு தடவை சொல்லு.'

மூன்றாவது வாரம் ஊசியால் ரீசெட் பொத்தானைக் குத்தினார். இணையமே செத்தது. மனைவி பேச்சை நிறுத்தினாள். மானத்தை விட்டுக் கம்பெனி ஆளை வரவழைத்தார். அவன் உயிர் கொடுத்துவிட்டு, "லைன் பக்கா சார்" என்று சொல்லிப் போனான்.

மூன்று மணிவரை பொறுக்காமல் காலையிலேயே அழைத்தார். எடுத்தது கூட்டாளியின் மருமகள்.

"அங்கிள், மாமா குளிக்கிறாங்க."

"அம்மாடி, உன் குரல் வருதே! சரிபண்ணிட்டேன்! ஓடிப்போய் அவன்கிட்ட சொல்லு!"

"ஐயோ அங்கிள், பழுது எங்க வீட்டு ரவுட்டர்லதான் இருந்தது, மாமா முதல் நாளே சரிபண்ணிட்டாங்க, 'பழுதுன்னாதான் அவன் தினம் வருவான்'னு மைக்கை அணைச்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க!"