கௌரவ ஆழம்

மனித குலம் தன் இடுப்புக்குக் கீழே நடப்பவற்றைப் பற்றி முறைப்படி சிந்திக்கத் தொடங்கி, மாநில அணித் தேர்வுக்கு நடுவர் அம்மா வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையோடு சரியாக எழுபத்து மூன்று நாட்களும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய காலத்தை இருண்ட காலம் என்றே சொல்ல வேண்டும்.

இருண்ட காலத்தில் அந்தப் பளு தூக்கும் கூடத்துக்கு மனிதர்கள் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்தார்கள். சிமெண்ட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த சட்டை, முட்டியில் நூல் விட்ட பருத்திக் கால்சட்டை, அண்ணன் போட்டு அலுத்த பனியன். பிடி வழுக்காமலிருக்க உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தட்டிக்கொள்வார்கள். இரும்புக் கம்பியைத் தோளில் ஏற்றி, இடுப்பு முட்டிக்குக் கீழே இறங்கும்வரை உட்கார்ந்து, பிறகு எழுந்து நிற்பார்கள். இதற்கு ஸ்குவாட் என்று பெயர். எழுந்ததும் யாரும் கண்ணாடி பார்க்க மாட்டார்கள். கூடத்தில் இருந்ததே ஒரு கண்ணாடிதான்; அதுவும் கழிவறையில், ரசம் போனது.

ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு இந்த அவலம் முடிவுக்கு வந்தது. கூடத்தைப் புதிதாக ஏற்று நடத்த வந்தவர், தன்னை டைரக்டர் என்று அழைக்கச் சொன்னவர், நான்கு சுவரிலும் கண்ணாடி பதித்து, வட்ட விளக்குகள் வைத்து, முப்பத்திரண்டு உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே உடம்போடு ஒட்டும் மெரூன் நிற டைட்ஸ் ஒன்று, அதே நிறத்தில் ஜாக்கெட் ஒன்று.

"இது துணி இல்ல. இரண்டாவது தோல்," என்றார் டைரக்டர்.

முதல் தோலோடு அதுவரை சமாளித்து வந்தவர்கள் வெட்கித் தலை குனிந்தார்கள்.

டைரக்டர் தீர்க்கதரிசி. அன்று காலையிலேயே அவர் தம் ஜாக்கெட்டைத் தோளில் போடாமல், அதன் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் முடிச்சிட்டு, பின்புறம் தொங்கும்படி இடுப்பில் கட்டியிருந்தார். ஜாக்கெட் என்றால் மேலே போடுவது என்ற மூடநம்பிக்கையை ஒரு தனி மனிதர் எப்படித் தகர்த்தார், அந்த யோசனை அவருக்கு எங்கிருந்து உதித்தது என்று அன்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெரிய மனிதர்களிடம் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

ஊசியக்காவும் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. கூடத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆறு வருடமாகக் காலை ஐந்தரைக்கு வருபவள். மாநில அணிக்குப் பெண்கள் பிரிவில் தொண்ணூறு கிலோ ஸ்குவாட் செய்ய வேண்டும். அவள் செய்வாள். ஆனால் முதல் முறை தேர்வு நடந்தபோது நிறை மாதம், இரண்டாம் முறை காய்ச்சல். மூன்றாவது தேர்வு இந்த வருடம். வயது வரம்பு முப்பத்தாறு. அவளுக்கு முப்பத்தாறு. நான்காவது முறை என்று ஒன்று கிடையாது.

அந்த வியாழக்கிழமை அவள் புதுத் தோலுக்குள் புகுந்து, வெறும் கம்பியைத் தோளில் வைத்து, வழக்கம்போல உட்கார்ந்தாள். மூன்றாவது முறை உட்கார்ந்தபோது பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். வாழ்க்கையில் சில சத்தங்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. நல்லவேளையாகப் பாட்டு கூரை அதிர ஓடிக்கொண்டிருந்தது. அதையும் டைரக்டர்தான் கூட்டி வைத்திருந்தார். யாருக்கும் கேட்கவில்லை. ஊசியக்கா கம்பியை வைத்தாள், ஜாக்கெட்டை எடுத்து இடுப்பில் கட்டினாள், டைரக்டரின் ரசனையைப் பின்பற்றிய முதல் ஆள் என்ற பாராட்டைப் பெற்றுக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய்த் தொடையை அளவெடுத்துப் பார்த்தாள். தப்பு தன் உடம்பில்தான் என்று முடிவு செய்தாள். ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள். அச்சகத்தில் பிழை திருத்தும் கணவர் தட்டைப் பார்த்து, எழுத்து விட்டுப்போனதைக் கண்டவர்போல நெற்றியைச் சுருக்கினார். காரணத்தை அவள் அவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரத்துக்குள் ரசனை பரவிவிட்டது. முப்பத்திரண்டு பேரும் ஜாக்கெட்டை இடுப்பில் கட்டினார்கள். உடைப் பண்பாட்டுக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டு, இரண்டே முக்கால் மணி நேரம் கூடியது. வியர்வை நெற்றியில் தெரியலாம், அக்குளில் கூடாது எனத் தீர்மானிக்கப்பட்டது. முனகல், கைபேசியில் பதிவாகும்போது மட்டும். வெள்ளைப் பொடி மெரூனுக்கு ஆகாது, தடை. இடுப்பில் ஜாக்கெட் கட்டுவது கூடத்தின் 'அடையாளம்' என்று அறிவிக்கப்பட்டு, அவிழ்ப்பது குற்றமானது. இந்தத் தீர்மானம் மட்டும் விவாதமே இல்லாமல், எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்து நிறைவேறியது.

பருத்தி போட்டு வருகிறவர்களை யாரும் விரட்டவில்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஆறடிக்கு நான்கடி இடம் ஒதுக்கி, 'பாரம்பரியப் பகுதி' என்று பலகை மாட்டினார்கள். அங்கே கம்பியும் இல்லை, அதில் மாட்டும் எடை ப்ளேட்டும் இல்லை. பாரம்பரியத்துக்கு அதெல்லாம் எதற்கு.

உடையில் குறை இருந்தால் மாற்றித் தர ஒரு படிவமும் உண்டு. 'கிழிந்த பகுதியின் நிழற்படம், அணிந்த நிலையில், முகம் தெளிவாகத் தெரியும்படி இணைக்கவும்' என்பது அதில் ஏழாவது விதி. படிவம் ஒன்றுகூட வரவில்லை. 'இன்றோடு இத்தனை நாள்: புகார் பூஜ்யம்' என்று வாசலில் பலகை தொங்கியது. டைரக்டர் தினமும் காலையில் நாள் கணக்கை மட்டும் மாற்றி எழுதுவார்.

இதற்கிடையே அறிவியலும் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. முட்டி கொஞ்சம் மடங்கியதுமே எல்லாரும் எழுந்துவிட ஆரம்பித்தார்கள். பீரோ என்று பெயர் வாங்கியவன், வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை மாடியேற்றுபவன், நூற்று எண்பது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்கிற அளவுக்கு மட்டும் இறங்கி நிமிர்ந்தான். டைரக்டர் அதற்குக் 'கௌரவ ஆழம்' என்று பெயர் வைத்தார். அதற்குக் கீழே போவது முட்டிக்குக் கெடுதல், முகபாவத்துக்கும் கெடுதல் என்று விளக்கினார். 'நாங்கள் குனியாத தலைமுறை' என்று சுவரில் எழுதப்பட்டது. குனிந்தால் என்ன ஆகும் என்பது எழுதப்படவில்லை.

ஊசியக்கா கூடத்தில் கௌரவமாக இருந்தாள். வீட்டில் அந்தக் கௌரவத்தை விட்டுவிட்டு, பழைய பருத்திக் கால்சட்டையில், முதுகுப் பையில் இரண்டு தண்ணீர் கேனை அடைத்து, தினமும் அறுபது முறை முழுசாக உட்கார்ந்து எழுந்தாள். ஆழம் மறந்துவிடக் கூடாது. நடுவர்களுக்குப் பழைய ஆழம்தான் தெரியும்.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கிழிந்ததைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, தெரிந்தவர்கள் கண்ணில் படாத தூரத்தில், நான்கு தெரு தள்ளி ஒரு தையல் கடைக்குப் போனாள். தையல்காரப் பெண்மணி இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டினார்.

"மெரூனா? நடுத் தையல்தானே?"

ஊசியக்கா செய்தித்தாள் பொட்டலத்தை அந்தக் கையில் வைத்தாள்.

"இந்த நூலுக்கு இழுவை கிடையாது. துணி நீளும், நூல் நீளாது. உட்கார்ந்தா பிரியத்தான் செய்யும்." அவர் ஒரு பச்சைக் கோடு போட்ட ஜன்னல் திரையை எடுத்து, ஒரு சாண் அளவு கத்தரித்தார். "இந்தக் கலர்ல துணி எங்கயும் கிடைக்கல. எல்லாருக்கும் இதத்தான் வச்சுக் குடுத்தேன். உங்களோட முப்பத்தி மூணு."

ஊசியக்கா எண்ணிக்கையில் தவறு செய்யாதவள். ரத்தம் பிடித்த குப்பிகளை எண்ணி அடுக்கும் வேலை. கூடத்தில் உறுப்பினர்கள் முப்பத்திரண்டு. மிச்சம் ஒன்று யாருடையது என்று கேட்டாள். தையல்காரப் பெண்மணி தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு செய்தி சொன்னார். சொல்லிவிட்டு, தன் பெயர் வெளியே வரக்கூடாது என்றார். ஊசியக்கா தலையாட்டினாள். நாகரிகம் கருதி நாமும் இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.

மறுநாள் கூடத்தில் அவள் ஒவ்வொரு ஜாக்கெட்டாகப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாண் ஜன்னல் திரை. ஒவ்வொரு முகத்திலும் இந்த உலகத்திலேயே தன்னுடையது மட்டும்தான் கிழிந்தது என்ற அந்தரங்கத் துயரம். பீரோ மூன்று வாரமாகச் சோறு தொடுவதில்லையாம்; வயிற்றைக் காரணம் சொன்னான். அவள் அவனிடம் பேச வாயெடுத்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். மற்றவர்களின் கிழிசலைப் பற்றிப் பேச, தன்னுடையதிலிருந்து அல்லவா தொடங்க வேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நடுவர் அம்மா வந்தார். சாதாரண வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. டைரக்டர் கூடத்தின் பண்பாட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நடுவர் அம்மா கேட்டுக்கொண்டே பாட்டை நிறுத்தச் சொன்னார். பிறகு நாற்காலியைக் கம்பி வைக்கும் ரேக்குக்குப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் பீரோ. வணக்கம் சொல்லும் அளவுக்கு இறங்கினான், எழுந்தான்.

"இன்னும் கீழ போகணும் தம்பி."

இதுதான் தங்கள் ஆழம் என்று பீரோ பணிவாகச் சொன்னான்.

"இது ஆழம் இல்ல. இருட்டுல நாற்காலி தேடற மாதிரி இருக்கு. அந்த ஜாக்கெட்ட அவிழ்த்துட்டு உட்காருங்க. இடுப்பு மடிப்பு முட்டிக்குக் கீழ போறது எனக்குத் தெரியணும்."

பீரோவுக்கு அந்தக் கணமே தொடையில் தசை பிடித்துக்கொண்டது. அடுத்தவருக்கு முதுகு. அதற்கடுத்தவருக்கு ஊரிலிருந்து அவசர அழைப்பு. ஒரே காலைப்பொழுதில் ஒரே கூடத்தில் இத்தனை பேருக்கு இத்தனை கோளாறு வந்ததை மருத்துவ உலகம் பதிவு செய்ய வேண்டும். நடுவர் அம்மா ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் 'விலகல்' என்று எழுதினார். கடைசிப் பெயர் ஊசியக்காவுடையது.

டைரக்டர் அவள் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், விண்ணப்பத்தில் கூடத்தின் கையெழுத்தும் வேண்டும் என்பதை ஞாபகப்படுத்தினார். அடையாளத்தை அவிழ்ப்பவர்களுக்குக் கூடம் கையெழுத்துப் போடாது.

ஊசியக்கா முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். கையெழுத்து இல்லாவிட்டால் தேர்வு இல்லை. அவிழ்க்காவிட்டாலும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் இல்லை என்று ஆனபின் மனசு லேசாகிவிடுகிறது. ஜாக்கெட்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். பச்சைக் கோடு நான்கு சுவர்க் கண்ணாடியிலும் தெரிந்தது. யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, ஏதோ நினைவு வந்ததுபோல நிறுத்திக்கொண்டார்.

அவள் தொண்ணூறு கிலோவைத் தோளில் ஏற்றினாள். மூச்சை இழுத்தாள். இறங்கினாள். கௌரவத்தைத் தாண்டி, முட்டியைத் தாண்டி, இடுப்பு மடிப்பு கீழே போகும்வரை இறங்கினாள். பாட்டு இல்லாத கூடத்தில், ஒட்டுக்குப் பக்கத்தில் இருந்த பழைய நூல் பிரிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டது. எழுந்து நின்றாள். கம்பியை ரேக்கில் வைத்தாள்.

"செல்லும்," என்றார் நடுவர் அம்மா. விண்ணப்பத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, டைரக்டர் பக்கம் நீட்டினார்.

டைரக்டர் வாங்கவில்லை. வருத்தத்தோடு தலையை ஆட்டினார். எழுபத்து மூன்று நாளில் ஒரு புகார் வராத உடை இது, இந்த ஒரு பெண்மணியின் உடம்புக்கு மட்டும் பொருந்தவில்லை, உடையைக் கிழிக்கிற உடம்புக்குக் கூடம் எப்படிப் பொறுப்பேற்கும் என்று கேட்டார்.

அப்போதுதான் அது நடந்தது. தசை பிடித்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்த பீரோ எழுந்தான்.

"அக்காவுக்கு மட்டும் இல்ல, சார்," என்றான். ஜாக்கெட்டை அவிழ்த்துத் திரும்பி நின்றான். பச்சைக் கோடு. அவனுடைய அகலத்துக்கு ஒன்றரைச் சாண்.

அவனுக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் இரண்டு பெண்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி. முதுகுவலிக்காரர் வலியை மறந்து அவிழ்த்தார். ஊர் அழைப்பு வந்தவர் ஊரை மறந்தார். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுவதும் ஒரே வீட்டு ஜன்னல்களாக நின்றது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். எழுபத்து மூன்று நாளில் கண்ணாடியைப் பார்க்காமல் அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சாதாரண மனிதராக இருந்தால் தடுமாறியிருப்பார். டைரக்டர் தடுமாறவில்லை. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். குரலில் கருணை சேர்ந்தது.

"பாத்தீங்களா மேடம். முப்பத்திரண்டு பேரு. ஒருத்தருக்கும் உடம்பு கட்டுப்பாட்டுல இல்ல. குறை உடம்புல, உடையில இல்ல. நானும் இதே டைட்ஸ்தான் போட்டிருக்கேன். ஒரு நூல் பிரிஞ்சிருக்கா?" இடுப்பில் தொங்கிய ஜாக்கெட்டை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

பீரோவின் தலை மெல்லக் கவிழ்ந்தது. ஒருவர் தன் ஜாக்கெட்டைத் தரையிலிருந்து எடுக்கக் குனிந்தார். ஊசியக்கா அதைப் பார்த்தாள். மூச்சு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ரத்தம் எடுக்கும்போது, இதோ ஆயிற்று, அவ்வளவுதான் என்று சொல்கிற அதே மெல்லிய குரலில் சொன்னாள்:

"சார், முதல்ல கிழிஞ்சது உங்களோடதுதான். மாதிரிக்கு ஒண்ணு போட்டுப் பாத்தீங்களே, அது. எங்களுக்கு முப்பத்திரண்டு ஆர்டர் குடுக்கறதுக்கு மொத நாள் சாயங்காலம்."