இரவல் விரல்

இது நடந்த கதை. இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. அப்படிச் சத்தியம் பண்ணித்தான் இந்தக் கதை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆரம்பமாயிற்று. வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்ட பிறகு இன்னொரு தடவை கொடுக்க ரெண்டு மணி நேரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்துக் கிடந்த ஏழெட்டுப் பேர்தான் கேட்டவர்கள். அதில் ஒரு அம்மாள் முறைத்த முறைப்பில், கொஞ்சம் இழுத்துத் தைத்த கதைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. எவ்வளவு இழுப்பு? கைக்குட்டைத் துணியில் குடும்பத்துக்கே சட்டை தைக்கிற அளவுக்கு. அதற்கு மேல் இல்லை.

சர்க்கரை வக்கீல் என்று ஒரு இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு ஒன்று உண்டு. பெரிய வீடாக இருந்தால் ரெண்டு. உடம்பில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து மற்றவர்கள் சாப்பாட்டைக் குறைப்பார்கள். இவர்கள் வாதாடுவதைக் கூட்டுவார்கள். இவர்கள் கோர்ட்டில் வெள்ளைச் சர்க்கரை ஒன்றுதான் குற்றவாளி. மற்ற எல்லோருக்கும் விடுதலை. தேனா? அது பூவிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கா? பாவம், மண்ணுக்குள்ளேயே கிடந்தது, அதற்கு என்ன தெரியும்? பழுப்பு ரொட்டியா? நிறத்தைப் பார்த்தாலே மருந்து மாதிரி இல்லையா?

நம்முடைய வக்கீலுக்குத் தொழில் தையல். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கழுத்தில் இஞ்ச் டேப், காதில் சாக்பீஸ். அந்த டேப்பை இதுவரை ஒருத்தரும் ஏமாற்றியதில்லை. தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேல் மூச்சு கீழ் மூச்சு இல்லாமல், முகம் சிவந்து, கண் பிதுங்கி நிற்கிற பெரிய மனிதர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்! எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"மூச்ச விடுங்க சார். டேப்புகிட்ட கௌரவம் பாத்தீங்கன்னா, நாளைக்குப் பட்டன் தெறிச்சு எதிர்ல இருக்கிறவன் கண்ணு போயிடும்."

இப்படிப்பட்ட நியாயவான் சாப்பிட உட்கார்ந்தால் என்ன ஆகும்? டாக்டரம்மா ஒரு கப் சோறு என்றார். எந்தக் கப் என்று சொல்லவில்லை. அது டாக்டரம்மா தப்பு. டைலர் எடுத்த கப்பில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். சாயங்காலம் 'சர்க்கரை சேர்க்காத' பிஸ்கட் ஒரு பாக்கெட்.

"அது முழுக்க மாவுங்க," என்பாள் மனைவி.

"மாவுல ஏதுடி இனிப்பு? நக்கிப் பாரு."

"நாக்குக்குத் தெரியாதுங்க. ரத்தத்துக்குத் தெரியும்."

ரத்தம் 241 என்றது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பத்து நாள் காலையில் விரலைக் குத்திப் பார்த்து நோட்டில் எழுதி வர வேண்டும். குறையவில்லை என்றால் மாத்திரை போதாது. தினமும் வயிற்றில் ஊசி.

நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் பண்ணுகிற மனிதர், வயிற்றில் ஊசி என்று கேட்டதும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முதல் நாள் 256. அந்தப் பக்கத்தைக் கிழித்தார். ரெண்டாம் நாள் 249. அதையும் கிழித்தார். இப்படியே கிழித்துக் கிழித்து, பத்தாம் நாள் காலையில் பார்த்தால் நோட்டு இளைத்திருந்தது, டைலர் இளைக்கவில்லை. மறுநாள் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். இஷ்டத்துக்கு நம்பர் எழுத அவருக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. மெஷின் ஒரே ஒரு நல்ல நம்பரைக் காட்டினால் போதும். பாக்கி ஒன்பதையும் அதற்கு அக்கம்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். என்ன ஒரு மனசாட்சி!

மனைவியிடம் போனார். "ஒரே ஒரு சொட்டு ரத்தம் குடேன்."

"முப்பது வருஷமா குடிச்சது பத்தலையா?"

சரி, மச்சான் இருக்கிறாரே! மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன். ஆள் வயர் மாதிரி இருப்பார். மூன்று மாதத்தில் மூன்றாவது தடவையாகப் பேண்ட் இடுப்பைப் பிடித்துத் தைக்க வந்திருந்தார். கையில் ரெண்டு லிட்டர் பாட்டில். அதை வாயில் கவிழ்ப்பதும், பின்பக்கம் பாத்ரூமுக்கு ஓடுவதும், திரும்பி வந்து மறுபடி கவிழ்ப்பதுமாக இருந்தார்.

"உடம்பக் குறைக்கிறது எப்படின்னு என்னப் பாத்துக் கத்துக்கோங்க மாமா," என்றார்.

டைலர் நோட்டைத் திறந்தார். முன்கூட்டியே 98 என்று எழுதிவைத்தார். அப்புறம் மெஷினை எடுத்தார்.

"மாப்ள, இது ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கணும். விரலக் குடு."

"எடுத்துக்கோங்க. கரண்டே என்னத் தொடப் பயப்படும்!"

குத்தினார். மெஷின் அஞ்சு, நாலு, மூணு என்று எண்ணிவிட்டு நம்பரைக் காட்டியது. 342.

டைலர் குதித்தார். சின்னக் குதியா? மேலே காற்றாடியில் தலை பட்டிருக்கும். "மெஷின் அவுட்டு! இத்தன நாளா எனக்குக் காட்டினது எல்லாம் பொய்யி! எனக்கு ஊசி கிடையாது!"

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். நம்பரைப் பார்த்தாள். பேசாமல் தன் விரலைக் குத்திப் பார்த்தாள். 96. தம்பியை அனுப்பிச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து, மறுபடி குத்தினாள். 331.

தம்பி கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினாள்.

"பாட்டில்ல என்னடா?"

"ஜூஸ்தான்க்கா. பழ ஜூஸ். தாகம் தாங்கல, வெறும் தண்ணி குடிச்சா அடங்க மாட்டேங்குது. நாலு பழம் புழிஞ்சு ஊத்திக்கிறேன். சர்க்கரை ஒரு துளி போடலக்கா! பழந்தானே?"

பார்த்தீர்களா? நோய் தெரிந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, கறுப்புக் கோட்டு மாட்டியாயிற்று.

தம்பியின் நம்பரைக் குறித்துக்கொள்ள அவள் நோட்டைப் பிரித்தாள். "இது யாரோட தொண்ணூத்தெட்டு?"

டைலருக்குச் சாக்பீஸைத் தேட வேண்டிய அவசரம் வந்துவிட்டது.

அவள் அவர் கழுத்திலிருந்த டேப்பை உருவி, தம்பி இடுப்பில் சுற்றினாள். "மூணு மாசத்துல அஞ்சு இஞ்ச் போயிருக்கு. அளவெடுத்தது நீங்க. பிடிச்சுத் தைச்சுக் குடுத்ததும் நீங்க. ஊருக்கே அளவு பாக்கிற கண்ணு, இவன் இப்படிக் கரையறதப் பாக்கலையா? உங்க ஊசிக்குப் பயந்து இவன் விரலக் கேக்கலேன்னா, இவன் ஜூஸக் குடிச்சுக்கிட்டே விழுந்திருப்பான்." டேப்பை மேஜையில் போட்டாள். "மூச்ச விடுங்க. ரெண்டு பேரும்."

டைலர் 98-ஐ அடித்தார். தன் விரலைக் குத்தினார். 263. எழுதினார். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

மறுநாள் மாமாவும் மச்சானும் ஒரே ஆட்டோவில் போனார்கள். ரெண்டு பேருக்கும் ஊசிதான். டைலர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா பயந்தேன்? இத வெச்சுப் பட்டனுக்கு ஒரு காஜாகூட எடுக்க முடியாதே!" என்றாராம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவிட்டால்தானே!

"அந்த மச்சான் பொய் சொல்றான்," என்றார் பரிசோதனைக் கூடத்து மூலையில் இருந்த லாரி டிரைவர். "ஜூஸ்ல சர்க்கரை போட்டிருப்பான். போடாம குடிச்சா ஒண்ணும் பண்ணாது."

"ஜூஸ் விஷங்க," என்றாள் முறைத்த அம்மாள். "பேரீச்சம்பழம் சாப்பிடணும். நான் தினம் பத்து சாப்பிடறேன்."

"பத்தா? அதான் இங்க வந்து உக்காந்திருக்கீங்க!" என்றார் டிரைவர்.

"நீங்க என்ன ஒழுங்கு? டெஸ்டுங்கிறதால ரெண்டு துண்டு வெள்ளரிக்காய மட்டும் தின்னுட்டு வந்திருக்கீங்க. தினமும் அதானா உங்க வீட்டுச் சாப்பாடு?"

"என் வீட்டுச் சாப்பாட்டப் பத்திப் பேச நீ யாரும்மா?"

நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவர் தேன் பக்கம் சேர்ந்தார், ஒருவர் பழுப்பு ரொட்டி பக்கம். ரத்தம் எடுக்கிற பெண் பஞ்சும் கையுமாக ஓடி வந்து, "கத்தாதீங்க, இப்பப் பாத்தா பிரஷரும் ஏறித்தான் காட்டும்!" என்று கத்தினாள்.

நீங்கள் மட்டும் இதில் எதிலும் சேராமல் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். ரொம்ப நல்லது. மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்? ஒரு கப் சோறுதானா?

எந்தக் கப்?