எருமைக் கன்றுக்கும் அறிவு வந்த நாள்

ஒரு காட்டில் ஆற்றங்கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே பாடம் நடத்தியது பொன்மணி என்கிற நாரை. பள்ளிக்கு மேலேயே மருதமரத்தில் அவள் கூடு. இடைவேளை விட்டதும் பறந்துபோய் முட்டைகளை அடைகாத்துவிட்டு வருவாள்.

ஒருநாள் உத்தரவு வந்தது. இனிமேல் பிள்ளைகள் தாங்களாகவே சிந்திக்க வேண்டும், நரி அதிகாரி ஆய்வுக்கு வருவார், சிந்திக்காத பள்ளியின் டீச்சருக்கு மலைக்கு அப்பால் மாற்றல். அவ்வளவு தூரம் போனால் முட்டை என்ன ஆகும்?

பொன்மணி அன்றைக்கே சொந்தச் சிந்தனையை மனப்பாடம் செய்யவைத்தாள்.

"நான் இடது றெக்கையைத் தூக்கினா, முயலு 'ஏன்'னு கேக்கணும். வலது றெக்கைக்கு அணிலு, 'எப்படி'. கழுத்தைத் தொங்கப்போட்டா எல்லாரும் சேர்ந்து, 'வேற வழி உண்டா?'"

எருமைக் கன்று காரிக்கு மட்டும் ஏறவில்லை. எந்த றெக்கையைத் தூக்கினாலும், "பறக்கப் போறீங்களா டீச்சர்?" என்பான்.

"ஆய்வன்னிக்கு நீ லீவு போட்டுருடா ராசா. குளத்துல நல்லாக் கிட."

நரி வந்தார். மழையைப் பற்றிப் பேச்செடுத்தார். றெக்கைகள் எழுந்தன, கேள்விகள் பாய்ந்தன. நரி சொக்கிப்போனார்.

"பிரமாதம் டீச்சர். பிள்ளைங்க தாங்களாவே கத்துக்குறாங்க. அப்புறம் உங்களுக்கு இங்கே என்ன வேலை? நீங்க உபரி. நாளைக்கே மலைக்கு அப்பால் கிளம்புங்க."

பொன்மணி கூட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, இன்னும் ஒருத்தன் இருக்கான், இன்னிக்கு லீவு. சுத்த மக்கு. அவனுக்காவது நான் வேணும்."

"கூப்பிடுங்க, பாக்கலாம்."

முயல் ஓடிப்போய்க் கூட்டிவந்தது. காரி சேறு சொட்ட வந்து நின்றான்.

"உங்க டீச்சருக்கு மாற்றல் தம்பி. என்ன சொல்றே?" என்றார் நரி.

பொன்மணிக்குக் கண் கலங்கியது. துடைக்க இடது றெக்கையைத் தூக்கினாள்.

"ஏன்?" என்றான் காரி.

அடுத்த கண்ணுக்கு வலது றெக்கை.

"எப்படி?"

அவள் கழுத்து தானாகத் தொங்கியது.

"வேற வழி உண்டா?"

"லீவுல கிடக்கிறவனே இப்படிச் சிந்திக்கிறானே. மாற்றல் மாற்றல்தான்," என்று சொல்லிவிட்டு நரி கிளம்பினார்.

காரிக்குப் பெருமை தாங்கவில்லை. "சரியாச் சொன்னேனா டீச்சர்? முட்டையப் பத்திக் கவலைப்படாதீங்க. கூட்டைக் கீழ இறக்கிக் குடுத்துட்டுப் போங்க. நானே மேல உக்காந்துக்கிறேன்."

நீதி: மக்குப் பிள்ளையை ஒளித்து வைக்காதே; முன்வரிசையில் உட்காரவைத்து, எதுவும் ஏறிவிடாமல் பத்திரமாகப் பார்த்துக்கொள்.