அயர்லாந்து விழாவுக்கு நான் கொடுத்த பதினொரு பேர்

அன்புள்ள மருமகள் தக்ஷாயினிக்கு,

ஒஸ்லோ ஸ்டோவ்னரிலிருந்து இரவீந்திரன் மாமா எழுதுவது. நாங்கள் இஞ்சை நல்ல சுகம். பேர்கன் மழையில் நனையாமல் நீங்களும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னனான். ஒஸ்லோவில் நடக்கிற அயர்லாந்துப் பாட்டு விழா இருபது வருடம் ஓடும், இருபதாம் வருடம் விழப்பார்க்கும், ஒரு தமிழன் தாங்கிப் பிடிப்பான் என்று. மாமியைக் கேட்டால் நான் அப்படிச் சொல்லவேயில்லை என்பாள். அவளுக்கு ஞாபகசக்தி குறைவு.

அந்த விழாவின் வரலாறு என்ன மாமா என்று கேட்டாய். முதல் வருடம் இஞ்சை ஒஸ்லோ ட்வெய்ட்டாவில் ஒரு மண்டபம். மேல்மாடியில் எங்கள் ஆட்களின் பிள்ளை ஒருத்தி பெரியவளான சாமத்திய வீட்டு விருந்து; நான் கதவு மாறிக் கீழ்மண்டபத்துக்குள் போய்விட்டேன். இதை நீ யாருக்கும் சொல்லும்போது ‘அழைப்பின் பேரில் சென்றார்’ என்று சொல். அங்கே மேடை இல்லை, மைக் இல்லை, குத்துவிளக்கு இல்லை. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வயலினும் குழலுமாகத் தங்களுக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருந்தார்கள். சுருதி சேர்க்கிறார்களாக்கும், பிரதம விருந்தினர் இன்னும் வரவில்லையாக்கும் என்று நானும் மரியாதையாகக் காத்திருந்தேன். ஒன்றரை மணித்தியாலம். கடைசியில், பொறுப்பாக நின்ற யோசெப்பின் என்ற நோர்வே அம்மாவிடம், “நிகழ்ச்சி எப்ப தொடங்கும்?” என்று கேட்டேன்.

“முடிஞ்சுது. இந்தக் கதிரையளைக் கொஞ்சம் அடுக்குங்கோ” என்றார்.

நாற்காலிகளை அடுக்கினேன். இருபது வருடமாக அடுக்குகிறேன். சம்பளமில்லாமல் எல்லாரும் கூடிச் செய்கிற இந்த வேலைக்கு இஞ்சை ‘டுக்னாட்’ என்று பெயர். எங்கடை கலியாணவீட்டு வேலை மாதிரித்தான், கோபித்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவே.

இரண்டாம் வருடம் பொன்னாடை கொண்டுபோய், வாசித்துக்கொண்டிருந்த குழல்காரருக்கே போர்த்திவிட்டேன். சரிகை மூக்கில் உரச உரச மனிசன் வாசித்து முடித்தார். அன்றிலிருந்து அந்தப் பொன்னாடையை வருடா வருடம் அதிகம் உழைத்த தொண்டருக்குப் போர்த்துவது விழாவின் சம்பிரதாயம். டப்ளினிலும் இப்போது அப்படித்தான் என்று கேள்வி.

இந்த வருடம் பழைய தொண்டர் எல்லாருக்கும் முழங்கால் போய்விட்டது. போன செவ்வாய்க் கூட்டத்தில் யோசெப்பின் எழும்பினார். “பதினாலு பேர் வேணும், மூண்டு பேர்தான் இருக்கிறம். மாத முடிவுக்குள்ளை ஆள் இல்லையெண்டால் இதோடை விழாவை விட்டிடுவம்” என்றார். சொல்லிவிட்டு அந்தப் பொன்னாடையை மடிக்கத் தொடங்கினார். மடிக்கவும் தெரியாது, துவாய் மாதிரிச் சுருட்டுகிறார். எனக்குத் தாங்கவில்லை.

“என்ரை சொந்தக்காரர் பதினொரு பேர் வருவினம். எல்லாரும் ஓம் எண்டிட்டினம்” என்றேன்.

அவர் பொன்னாடையைத் திரும்ப விரித்துக் கதிரையில் போட்டார். விழா பிழைத்தது.

வீட்டுக்கு வந்தால் மாமி, “இஞ்சேருங்கோ, ஆர் அந்தப் பதினொரு பேர்?” என்கிறாள்.

“எங்கடை ஆக்கள்தான்.”

“எங்கடை ஆக்கள் கலியாணத்துக்கே சாப்பாட்டு நேரம் பாத்து வாறவை. உங்கடை கதிரை அடுக்க வருவினமோ?”

அவளுக்கு நம்பிக்கையும் குறைவு.

நீயும் உன் கணவர் கீர்த்தனனும் சகல செல்வங்களோடும், முக்கியமாக முழங்கால் நோவில்லாமலும், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அன்பு மாமா, இரவீந்திரன்

பி.கு.: மேலே உள்ளதில் ஒன்று மட்டும் என் கற்பனை. ஒருவரும் ஓம் சொல்லவில்லை. நான் ஒருவரையும் கேட்கவுமில்லை. நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது, இரண்டாவது கீர்த்தனன். யோசெப்பின் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுப்பாராம். அந்தப் பொன்னாடை இன்னும் கதிரையில் விரிந்தபடிதான் கிடக்கிறது, பிள்ளை. ஓம் என்று மட்டும் சொல்லு.