எட்வர்டுக்குப் போட்ட இருபத்தெட்டு ஒப்பு

படிக்காத புத்தகத்தைப் படித்ததாகச் சொல்வது பெரிய குற்றமில்லை. உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் மரியாதையோடு நடமாடுகிறார்கள். ஆனால் படிக்காத ஒரு நாவலை இருபத்தெட்டு நாள், அதுவும் மாலை ஜெபம் முடிந்த கையோடு, பெற்ற தகப்பனை எதிரே உட்காரவைத்துக் கதையாகச் சொன்னவள் அநேகமாக நான் ஒருத்திதான்.

அப்போது பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஷைனி டீச்சர் ஒரு நாள் ஆங்கில வகுப்பில் புதிய புராஜெக்ட் ஒன்றை அறிவித்தார். ஆளுக்கொரு ஆங்கில நாவலை நூலகத்திலிருந்து எடுத்து, யார் உதவியும் இல்லாமல், தினமும் அரைமணி நேரம் வீட்டில் வாசிக்க வேண்டும். எத்தனை பக்கம் வாசித்தோம் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். அதன் கீழே வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டும். நாலு வாரம் கழித்துப் பெற்றோரை அழைத்து அவர்கள் முன்னால் பேச வேண்டும்.

என் பக்கத்தில் இருந்த அஞ்சனா விரல் கனத்துக்கு ஒரு புத்தகம் எடுத்தாள். புத்திசாலி. நான் அலமாரியிலேயே தடித்த புத்தகத்தை எடுத்தேன். அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குடை பிடித்து நின்றாள். பேர் வேண்டாம், அதை எழுதியவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. (தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதைத் தவிர அந்தப் புத்தகத்தை எடுக்க எனக்கு வேறு காரணமே இல்லை.)

எளிதாக ஒப்பு வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்பாவை மறந்துவிட்டேன். அவர் பனச்சமூட்டில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடையில் தரம் பார்க்கிறவர். ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குமிழ் உண்டா, அழுக்கு உண்டா என்று பார்த்துத்தான் தரம் சொல்வார். என் நோட்டையும் அப்படித்தான் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மக்கா, நான் பாக்காத காரியத்துக்கு ஒப்பு போட மாட்டேன். எனக்கு முன்னால இருந்து வாசி. பொறவு என்ன வாசிச்சேண்ணு தமிழ்ல சொல்லு. அப்பம் போடுதேன்" என்றார்.

அப்பாவின் இந்த நியாயத்தால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆள் வரத்து நின்றுபோயிருந்தது. திருப்புறத்தில் கட்டிக்கொடுத்த மாமி, அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா சாகக் கிடந்தபோது, தெக்கே பிலாமரம், அதாவது பலா, நிற்கிற துண்டு நிலம் அவளுக்கு என்று வாயால் சொல்லியிருந்தார். எழுதி வைக்கவில்லை. பத்திரத்தில் ஒப்பு போட மாமி கேட்டபோது, "எழுத்து இல்லாம நான் போட மாட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். நிலத்துக்கு ஆசைப்பட்டவர் இல்லை. நியாயத்துக்கு ஆசைப்பட்டவர். மாமி அதோடு படி ஏறவில்லை, மூன்று வருஷம் ஆகியிருந்தது.

முதல் நாள் நாலு பக்கம் சத்தமாக வாசித்தேன். ஒரு எழவும் புரியவில்லை. மார்கரெட் என்று ஒருத்தி இருந்தாள், எட்வர்ட் என்று ஒருவன் இருந்தான். எட்வர்டுக்கு வயதாகிவிட்டது, அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றான் என்கிற ஒரே ஒரு வரி மட்டும் தெளிவாகப் புரிந்தது. எங்கள் ஊரில் ஒருவன் இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பாகத் தகராறு.

"எட்வர்ட் அண்ணன், மார்கரெட் தங்கச்சி. வீடு அவளுக்குண்ணு அவங்க அப்பா சொல்லிட்டு செத்துப்போனாரு. அண்ணன் எறங்க மாட்டேண்ணு நிக்குதான்" என்றேன்.

சமையற்கட்டிலிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். அப்பா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"எழுத்து உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பின்ன அவன் எதுக்கு எறங்கணும்?" என்று சொல்லி, நிறுத்தி நிதானமாக ஒப்பு போட்டார்.

யார் வீட்டுக் கதையைச் சொல்கிறோம் என்ற ஓர்மை எனக்கு ஒரு வாரம் வரைக்கும் வரவில்லை. (என் புத்தியின் வேகம் அவ்வளவுதான்.) வந்தபோது கதை கைமீறிப் போயிருந்தது. அப்பா அதைக் கடையில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஷீட் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் மார்கரெட் பக்கம். அப்பா ஒருத்தர்தான் எட்வர்ட் பக்கம். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள், "இண்ணைக்கு என்ன செய்தான் அவன்?" என்று கேட்பார். மார்கரெட் வக்கீலைப் பார்த்தாள். பாதிரியார் சமாதானம் பேச வந்தார். அவருக்கு எட்வர்ட் சாயா கொடுத்து அனுப்பினான். வேலி இரண்டு முறை பிடுங்கப்பட்டது.

"இந்த எட்வர்ட எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்பாள் அம்மா, மீன் அரிந்துகொண்டே.

எப்படி முடிப்பது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. எட்வர்ட் ஜெயித்தால் அம்மா சோறு போட மாட்டாள். மார்கரெட் ஜெயித்தால் அப்பா ஒப்பு போட மாட்டார். இருபத்தெட்டாம் நாள் ஒரு கோழையின் முடிவை எடுத்தேன். "கடைசிப் பக்கம் கிழிஞ்சு போயிருக்கு அப்பா" என்றேன். அப்பாவின் முகம் வாடிப்போனது. அன்றைக்கு அவர் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதது என் பாக்கியம் என்று நினைத்தேன். பார்த்திருந்தால் வீட்டோடு போயிருக்கும் மானம், அதன்பிறகு ஊர் மன்றம் ஏறியது.

பெற்றோர் கூட்டத்தன்று அப்பா கடைக்கு லீவு போட்டு, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் வந்தார். நான் மனப்பாடம் செய்த ஆறு வரியை ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். அதில் மார்கரெட் நல்லவள் என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. தப்பித்தேன் என்று இறங்கினேன். அப்போது ஷைனி டீச்சர், பெற்றோர் யாராவது பேசலாமே என்றார்.

அப்பா எழுந்தார்.

"டீச்சரே, எனக்கு ஒரு சம்சயம். கடைசி பக்கம் கிழிஞ்சுபோச்சுண்ணு பிள்ள சொல்லிச்சு. அந்த வீடு கடைசில யாருக்குப் போச்சு?"

டீச்சர் விழித்தார். "ஏது வீடு?"

டீச்சர் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று அப்பா ஆதியிலிருந்து தொடங்கினார். செத்துப்போன தகப்பனின் வாய்ச்சொல், வக்கீல், பாதிரியார், வேலி. எண்பது பேர் இருந்த ஹாலில் பின்வரிசைக்காரர்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு வாதத்துக்கு வந்தார்.

"எல்லாரும் அவனைக் குத்தம் சொல்லுதாவ. அவனுக்க நியாயம் என்னண்ணு ஒருத்தரும் கேக்கல்ல. எழுத்து இல்லாத காரியத்துக்கு ஒரு மனுசன் எப்பிடி சம்மதிப்பான்? ஆனா ஒண்ணு டீச்சரே. ஒத்த தங்கச்சி. அவ வராம அந்த வீட்டில இருந்து அவன் என்னத்தக் கண்டான்? அதாக்கும் எனக்கு ராத்திரி உறக்கம் வரல்ல."

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டீச்சர் புத்தகத்தை முழுசாகப் படித்தவர். அவர் மனசறிந்து யாரையும் நோகடிக்கிறவரும் இல்லை. தயங்கித் தயங்கி மலையாளத்தில் சொன்னார்.

"சேட்டா, எட்வர்ட் ஒரு குதிரயாணு."

பின்னாலிருந்து யாரோ சிரிக்கத் தொடங்க, மொத்த ஹாலும் சேர்ந்துகொண்டது. அப்பா என் நோட்டை டீச்சர் மேஜையிலிருந்து எடுத்தார். ஜன்னல் பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு பக்கமாக வெளிச்சத்தில் பிடித்தார். இருபத்தெட்டு ஒப்பும் அவருடையதுதான். மூடி வைத்துவிட்டு வெளியே போனார்.

பஸ்ஸில் அவர் என்னை விட்டு முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நான் அழுதுகொண்டே வந்தேன். இறங்கி நடக்கும்போது ஒரே ஒரு முறை கேட்டார்.

"குதிரையா?"

"ஆமாப்பா."

அவ்வளவுதான். டீச்சர் என்னை அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து வாசித்து எழுதச் சொன்னார். இரண்டு மாதம் அகராதியோடு மல்லுக்கட்டி வாசித்தேன். எட்வர்ட் ஆறாம் அத்தியாயத்திலேயே செத்துப்போகிறது. அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஹாலில் இருந்த எண்பது பேருக்கும் வாய் இருந்ததே. பாறசாலையில் புறப்பட்ட கதை கூட்டம் முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்புறம் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஆள் அரவம் கேட்டது. மூன்று வருஷம் படியேறாத மாமி, பூப்போட்ட சேலை உடுத்து, கையில் ஒரு கட்டு பச்சைப் புல்லோடு நின்றாள்.

"எட்வர்ட் உண்டா வீட்டில?" என்றாள்.

அம்மா சோற்றுக் கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா எழுந்து நின்றார், சிரிக்கவில்லை. மாமி புல்கட்டை அவர் காலடியில் வைத்தாள்.

"அண்ணா, இல்லாத கதைக்கு இருபத்தெட்டு ஒப்பு போட்டீயளாமே. நம்ம அப்பா சொன்ன சொல்லுக்கு ஒரு ஒப்பு போடப்பிடாதோ?"

அப்பா குனிந்து புல்கட்டை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "கை கழுவிட்டு வா. மீன் உண்டு. தின்னிட்டுப் பேசலாம்" என்றார். அந்த வாரமே பத்திரம் எழுதினார்கள். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமலே ஒப்பு போட்டார்.

இப்போது நானும் ஒரு பள்ளியில் ஆங்கிலம்தான் எடுக்கிறேன். என் பிள்ளைகளுக்கும் அதே புராஜெக்ட் கொடுக்கிறேன், வீட்டு ஒப்பு மட்டும் கேட்பதில்லை. வருஷாவருஷம் அந்தப் பிலாவில் முதல் சக்கை, பலாப்பழத்துக்கு எங்கள் ஊர்ப் பேர், பழுத்தால் மாமி வீட்டிலிருந்து எங்களுக்கு ஒன்று வரும். காம்பில் ஒரு பிடி புல் கட்டியிருக்கும். அப்பா புல்லை அவிழ்த்துத் தனியாக வைத்துவிட்டு, சக்கையைத் தட்டிப் பார்ப்பார். "மாமிக்கு போன் போடு மக்கா. எட்வர்டுக்குக் கிட்டிச்சுண்ணு சொல்லு" என்பார்.