முருகப்பன் ஈறு வைத்தியம்

முருகப்பன் ஓர் உறுதி எடுத்திருந்தார். உயிரே போனாலும் பல் டாக்டர் நாற்காலியில் உட்காருவதில்லை.

கீழ்வரிசையில் இரண்டு பற்கள் ஆடின. துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம். சீப்புச் சீடையைக் காபியில் ஊறப்போட்டுத் தின்னும் நிலைமை. ஈறுக்கு அடியில் பல்லைச் சுற்றி அழுக்கு இறுகிக் காறை கட்டியிருக்கிறது, சுரண்டி எடுக்காவிட்டால் பல் தங்காது என்று டாக்டர் ஹசீனா எப்போதோ சொல்லிவிட்டார். 'சுரண்டி' என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்தவர்தான் முருகப்பன். அதற்குப் பிறகு ஈறு வீங்கினால் மருந்துக்கடை வேல்பாண்டியிடம் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்குவார். வீக்கம் அடங்கும். மிச்ச மாத்திரை அலமாரிக்குப் போகும். கொஞ்ச நாளில் வீக்கம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வரும்.

மனைவி உமையாள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். அவள் வடக்கு என்றால் இவர் தெற்கு என்பார். கல்யாணமான நாள் முதல் அப்படித்தான்.

ஒரு காலை அவளே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, எனக்கும் ஈறு வலிக்குது. ஹசீனா டாக்டர்கிட்டத் துணைக்கு வாரீகளா?"

துணைக்குத்தானே. சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கிளினிக்கில் நல்ல கூட்டம். உமையாளே போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்து, நடுங்கிப்போய் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்குங்க. உங்களை மாதிரி நானும் மாத்திரையே போட்டுக்கிறேன். வாங்க, போயிருவோம்."

"பேசாம உக்காரு. மாத்திரை எத்தனை நாளைக்குக் கேக்கும்?"

"உங்களுக்குக் கேக்குதுல்ல?"

"எங்க கேக்குது? அமுங்கும், திரும்ப வரும். கிருமி காறைக்குள்ள குடியிருக்கு. காறையை எடுக்காம மாத்திரை மட்டும் என்ன செய்யும்?"

"வேற மாத்திரை கேட்டா?"

"கண்டபடி முழுங்கினா, நெசமாவே ஒரு நோவு வாரப்ப மருந்து வேலை செய்யாது. முதல்ல சுத்தம் பண்ணணும். அப்புறம் தேவைன்னா டாக்டரே எழுதிக் குடுப்பாக."

"வலிக்குமுல்ல?"

"மரத்துப்போக ஊசி போட்டிருவாக. சின்னப்புள்ள மாதிரி பேசாத."

பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எதிர் நாற்காலிக்காரர் தன் கடைவாய்ப் பல்லுக்கு யோசனை கேட்டார். முருகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. தனக்கு இவ்வளவு விஷயம் தெரியும் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "முருகப்பன் யாருங்க? உள்ள வாங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கன்னத்திலிருந்து கையை எடுத்திருந்தாள். வலி போன இடம் தெரியவில்லை.

"உமையா, நான் மாத்திரையே..." என்று ஆரம்பித்தார். கூட்டம் மொத்தமும் அவரையே பார்த்தது.

"சின்னப்புள்ள மாதிரி பேசாதீக," என்றாள் உமையாள். "போங்க. துணைக்கு நான் இருக்கேன்."